டோல்னா க்ருபாவின் ரோஜாக்கள்

ஸ்லோவாக்கியாவில் திர்னவா நகருக்குப் பக்கத்தில் டோல்னா க்ருபா என்றொரு கிராமம். அங்கே புருன்ஸ்விக் பிரபுக் குடும்பம் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய மாளிகை ஒன்று இருக்கிறது. இசையமைப்பாளர் பீத்தோவன் இங்கே வந்து தங்கியதாகவும், தோட்டத்து வீட்டில் ‘மூன்லைட்’ சொனாட்டா என்ற பியானோ இசைப் படைப்பை எழுதியதாகவும் அந்த ஊரில் சொல்வார்கள். உறுதியான ஆதாரம் கிடையாது, ஆனால் அந்தச் சொனாட்டாவை அவர் அர்ப்பணித்த ஜூலியெட்டா குவிச்சியார்டி புருன்ஸ்விக் பெண்களுக்கு உறவுக்காரி.

சரி, பீத்தோவனைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். என் மனதை விட்டுப் போகாதவர் அந்த வீட்டின் பிற்கால வாரிசான மரியா ஹென்ரியெட்டா கோடெக். 1863இல் பிறந்தவர். ஐரோப்பாவின் பெரிய ரோஜாத் தோட்டங்களுக்கு ஈடாக ஒன்றை இந்தக் கிராமத்தில் வளர்த்தவர். ருடால்ஃப் கெஷ்விண்ட் என்ற புகழ்பெற்ற ரோஜா வளர்ப்பாளர் 1910இல் இறந்ததும் அவருடைய செடிகளை மொத்தமாக வாங்கிக் கொண்டுவந்து நட்டார், அதனால்தான் அந்த வகைகளில் பல தப்பிப் பிழைத்தன என்று நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைந்துவிடுகிறது.

அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. அவர் காயம்பட்டவர்களுக்குச் செவிலியாகப் போனார், தோட்டம் பாழானது. திரும்பி வந்து மறுபடி நட்டுப் பார்த்தார், பழைய செழிப்பு வரவே இல்லை. 1946இல் அதே ஊரில் காலமானார்.

அவர் பெயரில் ஒரு சிவப்புக் கொடி ரோஜா இருக்கிறது. இன்றும் பூக்கிறது.