பாட்டு மூன்றரை நிமிடம், அனுமதிக்கு மூன்று நடை

மாணவர்களான நாங்கள் எடுத்த இசைக் காணொளிக்குக் காட்சிகளை வரைந்து, ஷாட் பட்டியல் (எடுக்கவேண்டிய காட்சித் துண்டுகளின் வரிசை) போட்டு முடிக்க இரண்டு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. உயிரை வாங்கியது அனுமதிக் கடிதம்தான்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது ஒரு பொதுக் கட்டடத்தின் பின்புறப் படிக்கட்டு. முதல் நடை போனபோது எழுத்தர் கடிதத்தைக் கையில்கூட வாங்கவில்லை. ‘துறைத்தலைவர் கையெழுத்து எங்கே?’ என்று கேட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். கையெழுத்தோடு மறுபடி போனேன். இப்போது, ‘தேதி இருக்கிறது, நேரம் எங்கே?’ என்றார். முதல் நாளே இரண்டையும் சொல்லியிருந்தால் ஒரு வகுப்பாவது மிஞ்சியிருக்கும். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆனால் இந்த முறை நான் நகரவில்லை. ‘இன்னும் என்னென்ன வேண்டும், எல்லாவற்றையும் சொல்லுங்கள்’ என்று மேசை எதிரே நின்றபடி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டேன்: எத்தனை பேர் வருவார்கள், என்னென்ன கருவிகள், மின்சாரம் எங்கிருந்து, பாட்டு எவ்வளவு சத்தமாக ஒலிக்கும், பொறுப்பாசிரியர் யார். மூன்றாம் நடையில் முத்திரை விழுந்தது. உங்கள் கடிதத்தில் இவை அனைத்தும் முதலிலேயே இருக்கட்டும்.

பாட்டிலும் ஒரு சிக்கல் காத்திருந்தது. அதை எழுதி இசையமைத்த நண்பன் வாய்வார்த்தையாகச் சம்மதம் சொன்னதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டோம். பாடலின் உரிமை வேறு, அதன் ஒலிப்பதிவின் உரிமை வேறு. ஒலிப்பதிவு அவன் கையில் இல்லை. பதிவுக்குப் பணம் போட்டவரிடம் இருந்தது. இருவரிடமும் தனித்தனியாக எழுத்தில் சம்மதம் வாங்க ஒரு வாரம் போயிற்று. அந்த வாரம் முழுக்க, வேறு பாட்டுக்கு எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டியிருக்குமோ என்ற பயம்.

இத்தனைக்கும் பிறகு, ஒத்திகைப் படப்பிடிப்பு வேண்டாம், நேரமில்லை என்று குழுவில் பாதிப் பேர் சொன்னார்கள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. நல்லவேளை!

பாடகி படிக்கட்டின் உச்சியில், ஒலிபெருக்கி அவள் காலடியில். அதில் ஓடும் பாட்டுக்கு அவள் வாயசைக்க வேண்டும். கேமரா முப்பது மீட்டருக்கும் அப்பால், கீழே. கேமராவில் பதிவான ஒலியை அசல் பாட்டோடு பொருத்திப் பார்த்தால் உதடு முந்திக்கொண்டு ஓடியது. அவள்தான் தவறவிடுகிறாள் என்று நினைத்து நான்கு முறை பாட வைத்தோம்; பாவம், அவள் மீது ஒரு தவறும் இல்லை. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். 34 மீட்டர் என்றால் நொடியில் பத்தில் ஒரு பங்கு தாமதம். நொடிக்கு 25 ஃபிரேம் (தனித்தனிப் படங்கள்) எடுக்கும்போது அது இரண்டரை ஃபிரேம். கண்ணுக்கு உறுத்த அது தாராளம்.

தீர்வு எளிதாகவே கிடைத்தது. பாட்டுக்கு முன்னால் நான்கு ‘டிக்’ ஒலிகளைச் சேர்த்தோம். நான்காவது ஒலியில் பாடகி கேமரா பார்க்கக் கைதட்ட வேண்டும். கேமராவில் பதிவான ஒலியை விட்டுவிட்டு, இரு உள்ளங்கைகளும் ஒட்டும் ஃபிரேமை அசல் பாட்டின் நான்காவது ‘டிக்’ மீது வைத்தோம்.

படம் மெதுவாக ஓடவேண்டிய இரண்டு வரிகளுக்கு நொடிக்கு 50 ஃபிரேம் வைத்து, பாட்டை இரு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட்டோம். அந்த வேகத்தில் வாயசைக்க அவளுக்கு மூன்று நாள் பயிற்சி தேவைப்பட்டது. படப்பிடிப்பன்று காலையில் சொல்லியிருந்தால் அந்த வரிகளையே இழந்திருப்போம்.

நேற்று இரவு அந்தத் துண்டைப் பாதி வேகத்துக்குக் குறைத்து ஓட்டினோம். அவள் தலைமுடி மெல்ல எழுந்து இறங்கியது. உதடு மட்டும் சொல்லுக்குச் சொல் பாட்டோடு நின்றது. ஒத்திகை வேண்டாம் என்றவர்கள்தான் முதலில் மறுபடி ஓட்டச் சொன்னார்கள்.