ஒரு சம்மதக் கடிதமும் நாலு பயணமும்

ஒடியல் (காயவைத்த பனங்கிழங்கு) மாவும் கறித்தூளும் அரைத்துப் பொதி பண்ணி விற்கிற என் சின்னத் தொழிலுக்கு, போன கிழமைதான் வியாபாரப் பதிவுச் சான்றிதழ் கிடைத்தது. இரண்டரை மாதம் அலைந்தேன். சந்தோசம்தான், ஆனால் எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

கிராம அலுவலரான விதானையாரின் உறுதிப்படுத்தல் ஒரே நாளில் முடிந்தது. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்து, அரைக்கிற அறை ஜன்னலுக்கு வலை அடிக்கச் சொன்னார். அன்று பின்னேரமே அடித்தாயிற்று.

வில்லங்கம் இடத்தில். மில் இருக்கிற அறை அம்மம்மா வீட்டோடு சேர்ந்தது. காணி உறுதி, அதாவது பத்திரம், மாமாவின் பெயரில், மாமா கனடாவில். இங்கே பாதி ஊரின் நிலைமை இதுதான்.

முதல் தரம் உறுதிப் பிரதியோடு பிரதேச செயலகம் போனேன். உரிமையாளரின் சம்மதக் கடிதம் வேண்டும் என்றார் அலுவலர். மாமா எழுதிக் கையெழுத்து வைத்து வாட்ஸ்அப்பில் அனுப்ப, பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். மூலப்பிரதி வேண்டுமாம். அது தபாலில் வர மூன்று கிழமை.

மூன்றாம் தரம் அதே மேசை, அதே அலுவலர். கடிதத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "தங்கச்சி, இது மாமான்ர கையெழுத்துத்தான் எண்டு நாங்கள் என்னெண்டு நம்புறது? அங்க தூதரகத்தில அத்தாட்சிப்படுத்தி எடுங்கோ."

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே ஐயா?"

"நீங்கள் கேக்கேல்லையே."

வெளியே வேப்பமரத்தடியில் நின்று அழுதுவிட்டுத்தான் பஸ் ஏறினேன். மாமா வேலைக்கு லீவு போட்டு, ரொறன்ரோவிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போய் முத்திரை குத்தி அனுப்பினார். நாலாம் தரம் கால் மணித்தியாலத்தில் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

தொழில் செய்ய எளிதான நாடுகள் என்று உலக வங்கி போட்ட 2020 ஆம் ஆண்டுப் பட்டியலில், 190 நாடுகளில் இலங்கைக்கு 99 ஆவது இடம். அதற்கு இங்கே அளந்து பார்த்தது கொழும்பை மட்டும். உறுதி ஒரு நாட்டுக்காரர் பெயரிலும் மில் இன்னொரு நாட்டிலும் கிடக்கிற எங்கள் பாடு அந்த இலக்கத்துக்குள் எப்படி வரும்? 2022 இல் கரன்ட் ஒரு நாளில் 13 மணித்தியாலம் நின்றது, டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ஐத் தாண்டியது. அப்போதும் நான் மில்லை விடவில்லை. மிளகாய் விலை ஏறினால் கணக்குப் பார்த்துப் பொதியின் விலையை மாற்றலாம். நாளைக்கு என்ன பேப்பர் கேட்பார்கள் என்பதற்கு எந்தக் கணக்கும் கிடையாது. இங்கே புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களை முறிப்பது அதுதான்.

ஆகவே, முதல் நாளே தேவையான ஆவணங்களை எல்லாம் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். "வேற ஏதும் தேவையோ?" என்று இரண்டு தரம் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். காணிக்காரர் வெளிநாட்டில் என்றால் தனிக் கடிதத்தோடு மினக்கெடாமல், இங்குள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (தனக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரம்) எழுதுவிப்பது பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். கரன்ட் இணைப்பு, வங்கி என்று பிறகு எத்தனையோ இடத்தில் அதே கேள்வி வரும்.

எனக்கு அடுத்தது வங்கிக் கடன். அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை நிற்க வேண்டுமாம். ஒருவர் சம்மதித்துவிட்டார். இந்த முறை முழுப் பட்டியலையும் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் வங்கியை விட்டு எழும்பினேன்.