குளிர்ந்த எஞ்சினில் சூடான சோக் கேபிள்

என்னிடம் இருப்பது எண்பதுகளில் வெளிவந்த பிரீமியர் பத்மினி: 1089 சிசி எஞ்சின், ஸ்டியரிங் தண்டில் கியர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டுமே வெளியே எடுக்கும் வண்டி என்பதால், அது நாள் கணக்கில் பிரித்தபடி கிடந்தாலும் யாருடைய வேலையும் கெடுவதில்லை. அந்தத் துணிச்சலில்தான் பழுதுகளை நானே பார்க்கத் தொடங்கினேன்.

கடந்த மழைக்காலத்தில், சாவியைத் திருப்பினால், எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டாரான ஸ்டார்ட்டர் முனகிக்கொண்டே மெதுவாகச் சுற்றியது. எஞ்சின் பிடிக்க ஐந்தாறு முறை முயல வேண்டியிருந்தது. ஒரு பட்டறையில் பேட்டரி போய்விட்டது என்றார்கள், புதிது வாங்கினேன். இன்னொரு பட்டறையில் "கார்புரேட்டர்தான் சார்" என்று உறுதியாகச் சொன்னார்கள். அதையும் கழற்றி ஜெட்களைச் சுத்தம் செய்தேன். பிறகு என் சொந்த யோசனையில் ஸ்டார்ட்டரை இறக்கி, கார்பன் பிரஷ் மாற்றி ஏற்றினேன். மூன்று வேலைகளுக்குப் பிறகும் அதே முனகல். இவற்றில் மூன்றாவது தவறு முழுக்க என்னுடையது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது தற்செயலான ஒரு தொடுகை. இரவு முழுவதும் நின்று குளிர்ந்திருந்த எஞ்சினை நான்கு முறை சுழற்றிப் பார்த்துவிட்டுக் கார்புரேட்டர் பக்கம் கையை நீட்டியபோது, சோக் கேபிளின் (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது காற்றைக் குறைத்துப் பெட்ரோல் கலவையைச் செறிவாக்க, டேஷ்போர்டிலிருந்து இழுக்கும் கம்பி) உலோக உறை விரலைச் சுட்டது. எஞ்சின் ஓடவே இல்லை. அப்படியானால் அந்தச் சூடு மின்சாரத்தால்தான் வந்திருக்க வேண்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் பாடியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. எஞ்சினோ ரப்பர் மவுண்டிங்குகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், மின்சாரத்தைப் பொறுத்தவரை பாடியிலிருந்து பிரிந்தே நிற்கிறது. இரண்டையும் சேர்ப்பது செம்புக் கம்பிகளைப் பின்னிச் செய்த ஓர் எர்த் பட்டை. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 100 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்சாரம் அந்தப் பட்டை வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்பியாக வேண்டும். பட்டை கெட்டால் அது வேறு வழி தேடும்: எஞ்சினையும் டேஷ்போர்டையும் தொட்டுக்கொண்டிருக்கும் சோக் கேபிள், கியர்பாக்ஸிலிருந்து வரும் ஸ்பீடோமீட்டர் கேபிள் எனக் கிடைத்ததையெல்லாம் ஒயராக்கிக்கொள்ளும். இக்னிஷன் மின்சாரத்துக்கும் எஞ்சின் வழியாகவே திரும்பும் பாதை என்பதால், ஸ்டார்ட்டர் இழுக்கும் அதே நொடியில், பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலுக்குக் கிடைக்கும் வோல்ட்டும் குறைந்து, தீப்பொறி வலுவிழக்கிறது. கார்புரேட்டர்மீது பழி விழுந்ததில் வியப்பில்லை.

சந்தேகத்தை உறுதிப்படுத்த, எஞ்சின் பிடிக்காதபடி காயிலுக்குப் போகும் சிறிய ஒயரைக் கழற்றிவிட்டு, தம்பியைச் சாவியைத் திருப்பச் சொல்லி அளந்தேன். பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே 10.4 வோல்ட், பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டருக்கும் இடையே 0.3, எஞ்சின் பிளாக்குக்கும் நெகட்டிவ் முனைக்கும் இடையே 2.3 வோல்ட். ஆக, ஸ்டார்ட்டருக்குக் கிடைத்தது 7.8 வோல்ட் மட்டுமே. இதே பட்டையை முன்பு ஓம் அளவில் வைத்துச் சோதித்து, நன்றாக இருக்கிறது என்று நானே முடிவு கட்டியிருந்தேன். 150 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட்டை விழுங்க ஓர் ஓமில் எழுபத்தைந்தில் ஒரு பங்கு தடை போதும். சாதாரண மல்டிமீட்டரின் ஒயர்களுக்கே அதைவிட அதிகத் தடை உண்டு. சுமை இருக்கும்போது வோல்ட்டை அளப்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

பழுது நீக்கியது அரை மணி நேர வேலை. முதலில் நெகட்டிவ் முனையைக் கழற்றினேன். பாசிட்டிவை முதலில் கழற்றப்போனால், ஸ்பேனர் பாடியில் பட்ட கணமே முழு மின்சாரமும் அதன் வழியே பாய்ந்துவிடும். பட்டையின் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. போல்ட்டுக்கு அடியில் பாடியில் துருவும் பெயின்ட்டும். உலோகம் பளிச்சிடும்வரை எமரித் தாளால் தேய்த்து, புதுப் பட்டையை இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். மறுபடி அளந்தபோது 2.3 இருந்த இடத்தில் 0.15. ஸ்டார்ட்டர் சுற்றிய வேகத்தைக் கேட்டுத் தம்பி சிரித்துவிட்டான்.

அந்த உற்சாகத்தில் ஹெட்லைட்டையும் அளந்தேன். பேட்டரியில் 12.4 வோல்ட், பல்பில் 10.6. மின்னழுத்தம் 15 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைகிறது. விளக்குகளின் மின்சாரம் முழுவதும் பழைய சுவிட்ச் வழியாகவே போய்க்கொண்டிருந்தது. சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலே இரண்டை வைத்து, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக ரிலேயில் 30 என்று குறித்த உள்வரும் முனைக்கும், 87 என்று குறித்த வெளிச்செல்லும் முனையிலிருந்து பல்புக்கும் தடித்த ஒயர் இழுத்தேன். சுவிட்ச் இப்போது ரிலேயை இயக்குவதோடு சரி. பிரேக் வேலையை மட்டும் நான் தொடுவதில்லை. அதற்குக் கைதேர்ந்த மெக்கானிக்கிடமே போகிறேன்.

வெந்துபோன சோக் கேபிள் இப்போது பாதி வழியில் சிக்கிக்கொள்கிறது. புதுப்பேட்டையில் மூன்று கடை ஏறி இறங்கி ஒன்று வாங்கி வந்தேன். வீட்டில் அளந்தால் நான்கு விரற்கடை நீளம் கூடுதலாக இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை வெட்டிப் பொருத்த வேண்டும்.