டார்ச்சைக் கண்ணருகே பிடியுங்கள்

இரவில் தேவாங்கு தேடிப் போகிறவர்கள் கைவிளக்கை விட நெற்றியில் கட்டும் விளக்கையே விரும்புவார்கள். கை ஒழியும் என்பது மட்டும் காரணமில்லை. மிருகத்தின் கண்ணில் பட்ட ஒளி, வந்த வழியே விளக்கை நோக்கித் திரும்புகிறது. நம் கண் அந்த வழியை ஒட்டி இருந்தால்தான் பளிச்சிடும். டார்ச்சை இடுப்பளவில் பிடித்தால், பத்து மீட்டர் தள்ளிக் கிளையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்காமலே கடந்துவிடலாம். 2022இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கடவூர்ப் பகுதி போன்ற முள்காடுகளில் தேடுவதென்றால், விளக்கின் மேல் சிவப்பு செல்லோஃபேன் தாள் கட்டிக்கொண்டு மெதுவாக நடக்க வேண்டும். வெள்ளை ஒளி அதன் கண்ணைக் கூசவைக்கும்.

கண்ணுக்குள் நடப்பது இதுதான். விழியின் லென்ஸ் ஒளியை விழித்திரையில் குவிக்கிறது. அங்கே செல்கள் பிடிக்கத் தவறிய ஒளியை, பின்னால் இருக்கும் டேப்பிடம் லூசிடம் என்ற படலம் திருப்பி அனுப்புகிறது. செல்களுக்கு இரண்டாவது வாய்ப்பு. அதிலும் மிஞ்சியது அதே லென்ஸ் வழியே வெளியேறுகிறது. மாட்டின் படலம் கொலாஜன் இழைகளால் ஆனது, பூனைக்கும் நாய்க்கும் செல் அடுக்குகளால். பூனையிடம் அது விழியின் பின்புறத்தில் மேல்பாதியில்தான் இருக்கும். இருண்ட தரையின் பிம்பம் விழும் இடம் அதுதான் என்பது எவ்வளவு பொருத்தம்!

பன்றிக்கும் நம்மூர்க் குரங்குக்கும் இந்தப் படலம் கிடையாது. ஆகவே, கண் மின்னவில்லை என்பதால் சாலை காலி என்று முடிவு கட்டாதீர்கள். மாடும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் மின்னாது. கழுத்துப் பட்டையில், கண்ணைப் போலவே ஒளியை வந்த வழியே திருப்பும் ஸ்டிக்கர் ஒட்டினால் பக்கவாட்டில் தெரியும், ஆனால் பின்னாலிருந்து வருகிறவருக்கு உடம்பு மறைத்துவிடும். கொம்பைச் சுற்றி ஒட்டுவதே மேல்.

கடையில் ரேடியம் ஸ்டிக்கர் என்று கேட்டு வாங்குவதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று கண்ணாடி மணி வகை. சாதாரணக் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு) 1.5. அதில் ஒளி மணிக்கு வெளியே, பின்னால் தள்ளிக் குவியும். அதனால் 1.9 அளவுள்ள கண்ணாடியில் மணி செய்து, பின்பக்கம் அலுமினியம் பூசுகிறார்கள். ஒளி குவியும் இடமான குவியம் அங்கேயே விழுகிறது. மணிகள் வெளியே தெரியும் துணிப்பட்டை மழையில் மங்குவதும் இதனால்தான்: நீர்ப்படலம் மூடியதும் மணி ஒளியை வளைப்பது குறைந்து குவியம் பின்னால் நகர்ந்துவிடுகிறது. மழையில் பைக் ஓட்டுகிறவர்கள் மணிகளின் மேல் பிளாஸ்டிக் படலம் மூடிய பட்டையையே வாங்க வேண்டும்.

இன்னொன்று பட்டக (பிரிசம்) வகை. செங்கோணத்தில் சந்திக்கும் மூன்று முகங்களில் ஒளி மோதித் திரும்பும். நேராக வரும் ஒளி ஒவ்வொரு முகத்திலும் சுமார் 55 பாகையில் விழுகிறது. அக்ரிலிக்குக்குப் பின்னால் காற்று இருந்தால், 42 பாகைக்கு மேல் விழும் ஒளி முழுதும் திரும்பும். தண்ணீர் புகுந்தால் அந்த வரம்பு 63 ஆகி, ஒளி பின்னால் வெளியேறிவிடும். லாரியில் ஒட்டிய பட்டை வெட்டிய ஓரத்திலிருந்து கட்டம் கட்டமாகக் கறுத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெட்டிய ஓரங்களை அடைப்புப் பசையால் மூடுங்கள். ஒட்டும் முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேயுங்கள். ரிவெட் தலைகளின் மேல் இழுத்து ஒட்டாமல், அங்கே வெட்டிவிட்டு ஒட்டுங்கள்.

எந்த உயர்ந்த ரகமானாலும் ஓட்டுநரின் உயரத்தை மாற்ற முடியாது. காரில் கண்ணுக்கும் ஹெட்லைட்டுக்கும் 60 செ.மீ. வித்தியாசம் என்றால், 150 மீட்டர் தள்ளியுள்ள சாலைப் பலகையிலிருந்து பார்க்க அவை இரண்டுக்கும் இடையிலான கோணம் சுமார் 0.23 பாகை. லாரியில் அது ஒன்றரை மீட்டரானால் 0.57. திரும்பும் ஒளியின் வழியிலிருந்து கண் அவ்வளவு விலகுவதால், அதே பலகை லாரிக்காரருக்கு மங்கலாகவே தெரியும்.

பழைய பட்டை தேறுமா என்று பார்க்க, இருட்டியதும் பத்தடி தள்ளி நின்று ஃபிளாஷ் போட்டு மொபைலில் ஒரு படம் எடுங்கள். ஃபிளாஷும் லென்ஸும் ஒட்டியே இருப்பதால் நல்ல பகுதி வெள்ளையாக எரியும். கறுப்பாக விழுந்த பகுதியைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டுங்கள்.