பயிற்சி மருத்துவரும் சாட்சிக் கூண்டும்

‘கற்றுக்கொண்டிருப்பவன்தானே, என்னை யார் வழக்கில் இழுக்கப் போகிறார்கள்’ என்ற எண்ணம் பயிற்சி மருத்துவர்கள் பலரிடம் இருக்கிறது. அதைக் கலைக்க இங்கிலாந்தின் வில்ஷர் வழக்கைத்தான் நான் முதலில் எடுப்பேன். குறைமாதக் குழந்தை ஒன்றின் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் கண்காணிக்க வேண்டிய கதீட்டர் என்ற மெல்லிய குழாயை, இளநிலை மருத்துவர் ஒருவர் தொப்புள் தமனிக்குப் பதிலாகச் சிரையில் செலுத்திவிட்டார். அவர் சரிபார்க்கக் கேட்டுக்கொண்ட மூத்தவரும் அதைக் கவனிக்கவில்லை. சிரை இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவாகவே காட்டியதால், குழந்தைக்கு அது அளவுக்கு மீறிப் போயிற்று. 1986-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அனுபவமின்மைக்குச் சலுகை கிடையாது, வகிக்கும் பணியிடத்துக்குரிய திறனே அளவுகோல் என்றது. ஆயினும் மூத்தவரிடம் கேட்டதன் மூலம் இளையவர் தம் கடமையைச் செய்துவிட்டார் என்று அவரை விடுவித்து, மூத்தவரிடமே கவனக்குறைவைக் கண்டது. குழந்தையின் பார்வையிழப்புக்கு அந்தத் தவறுதான் காரணமா என்பது நிறுவப்படவில்லை என 1988-இல், அன்று அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது தனிக் கதை. தவறு வேறு, அதனால் விளைந்த தீங்கு வேறு என்பதையும் மாணவர்கள் இதிலேயே படித்துக்கொள்ளலாம்.

ஆகவே பயிற்சியின் முதல் வேலை, இரவு இரண்டு மணிக்கும் மூத்தவரைத் தயங்காமல் எழுப்பும் பழக்கத்தை உண்டாக்குவது. இரண்டாவது, அதைக் கேஸ் ஷீட்டில் எழுத வைப்பது. ‘மூத்த மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது’ என்ற வரி எனக்குப் போதவில்லை. யாரிடம், எத்தனை மணிக்கு, என்ன சொல்லி, என்ன பதில் வந்தது என்பவை இருக்க வேண்டும். ஒரு பரிசோதனை வேண்டாம் என்று முடிவெடுத்தால், ஏன் வேண்டாம் என்பதும் இருக்க வேண்டும்.

இதை விரிவுரையில் சொல்வதால் பெரிய பயன் இல்லை. மாணவர் தம் கையால் எழுதிய பழைய குறிப்பையே, நோயாளியின் அடையாளங்களை நீக்கிவிட்டு, வழக்கறிஞர் ஒருவரிடம் கொடுத்து மாதிரிக் குறுக்கு விசாரணை நடத்தினால், அரை மணி நேரத்தில் உறைத்துவிடும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வது, நினைவில்லாததை நினைவில்லை என்று ஒப்புக்கொள்வது, ஊகித்துப் பேசாமல் இருப்பது ஆகியவை அங்கேதான் பழக்கத்துக்கு வரும்.

நோட்டீஸ் வந்த பின் பழைய பதிவைத் தொடவே கூடாது என்பதை மட்டும் மிகக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மின்பதிவு முறைகள் எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பதைச் சேமித்து வைக்கின்றன. தற்காத்துக்கொள்ளக்கூடிய வழக்குகூட ஒரே ஒரு திருத்தத்தால் கைவிட்டுப் போய்விடும். விடுபட்ட தகவலைச் சேர்க்க வேண்டியிருந்தால், மருத்துவமனையின் சட்டப் பிரிவைக் கேட்டுக்கொண்டு, எழுதும் நாளின் தேதியையும் நேரத்தையும் இட்டுத் தனிக் குறிப்பாகவே சேர்க்க வேண்டும்.