காத்தாடிப் பெட்டிக்குள் யாருடைய சிம்?

எரிசக்திப் பாதுகாப்பு பற்றிய ஆய்வறிக்கைகளில் முதல் இருபது பக்கம் 'எதிரி யார்' என்பதிலேயே போய்விடும். கன்னியாகுமரி மாவட்டத்தை வைத்து எழுதுகிறவர்கள் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளலாம் என்பது என் கட்சி. எதிரியைத் தேட டெல்லியில் ஆட்கள் உண்டு. எது எதை நம்பி ஓடுகிறது என்பதை, காற்றாலைகள் நிற்கும் ஆரல்வாய்மொழியில் இறங்கிப் பார்த்தால்தான் எழுத முடியும்.

2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருண்டபோது, சைபர் தாக்குதல் என்றுதான் முதலில் பேச்சு கிளம்பியது. விசாரணையில் தெரிந்தது, மின்னழுத்தம் கட்டுக்கு மீறி ஏறி உற்பத்தி நிலையங்கள் வரிசையாகக் கழன்றுகொண்டது.

கூடங்குளம் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தாலும், 2019இல் அங்கே நடந்ததை விட்டுவிட முடியாது. அணுமின் நிலையக் கணினியில் தீநிரல், அதாவது கெடுதல் செய்யும் மென்பொருள், புகுந்ததாக வந்த செய்திக்கு அக்டோபர் 29 அன்று மறுப்பு. மறுநாளே தீநிரல் இருந்தது உண்மை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில்தான் அது இருந்தது, உலையின் கட்டுப்பாட்டு வலை தனி என்றது விளக்கம். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் இதைப் பற்றித் தகவல் சொன்ன தேதி செப்டம்பர் 4. 'தனி' என்று எங்கே படித்தாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: பராமரிப்புக்கு வருகிறவரின் லேப்டாப்பும் பென் டிரைவும் எந்தப் பக்கம் செருகப்படுகின்றன?

காற்றாலைக்குப் பாடம் 2022 பிப்ரவரி 24. ஐரோப்பாவில் ஒரு செயற்கைக்கோள் இணைய சேவையின் மோடம்களை யாரோ அழித்துவிட்டார்கள். ஜெர்மனியைச் சேர்ந்த எனர்கான் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகள், மொத்தம் 11 கிகாவாட், தொலைத்தொடர்பை இழந்தன. இறக்கைகள் நிற்கவில்லை, உள்ளூர் கட்டுப்பாட்டுக் கருவி தானே ஓட்டிக்கொண்டது. ஆனால் பழுதாகி நின்றதைத் தூரத்திலிருந்து ஓட்ட வழியில்லை, ஆள் நேரில் போகவேண்டும்.

இப்போது முப்பந்தல் பக்கம் ஒரு காத்தாடியின் அடிக்கதவைத் திறப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டியது கட்டுப்பாட்டுப் பலகைக்குப் பக்கத்தில் உள்ள 4ஜி ரவுட்டர். சிம் யார் பெயரில்? பாஸ்வேர்டு கதவின் உட்புறம் ஸ்டிக்கராக ஒட்டியிருக்கிறதா? போர்ட் 502 வெளியே திறந்திருக்கிறதா? அது, இயந்திரங்களுக்குக் கட்டளை அனுப்பும் மோட்பஸ் மொழிக்கான வாசல். அந்த மொழிக்குக் கடவுச்சொல் என்ற பேச்சே கிடையாது, கட்டளை யார் அனுப்பினாலும் கேட்கும். 225, 250 கிலோவாட் பழைய இயந்திரங்களில் தொலைத்தொடர்பே இல்லாதவை, வேடிக்கை என்னவென்றால், இந்த ஒரு விஷயத்தில் பத்திரமானவை. 2024இல் தமிழக அரசு கொண்டுவந்த காற்றாலைப் புதுப்பித்தல் கொள்கைப்படி அவை பெரிய இயந்திரங்களுக்கு இடம் கொடுக்கும்போது, ஒவ்வொன்றோடும் ஒரு வெளிவாசலும் வந்து சேரும். அந்த வாசலின் சாவி யாரிடம் என்பது கொள்முதல் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். இயந்திரம் நின்ற பிறகு கேட்டால் பதில் கிடைக்காது.

செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவின்படி சைபர் சம்பவத்தை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், கணினிப் பதிவுகளை (லாக்) 180 நாள் வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் இது எங்கே உடைகிறது? இணைப்பு போனால் டெக்னீஷியன் முதலில் செய்வது ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்வது. பதிவு ரவுட்டரின் தற்காலிக நினைவகத்தில் மட்டும் இருந்தால், அந்த நொடியே தடயம் போயிற்று. பதிவை உடனுக்குடன் வேறொரு கணினிக்கு அனுப்பும்படி வைத்தால் தீர்ந்தது. செலவும் அதிகமில்லை.

அடுத்தது ஒக்கி புயல். 2017 நவம்பர் 30க்குப் பிறகு இந்த மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. மின்சாரத்தைச் சீராக்க, லைன்மேனுக்கு போன் வேண்டும். போன் டவருக்கு மின்சாரம் வேண்டும். பேட்டரியும் டீசலும் தீர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். ஆபத்தை மதிப்பிட ஆய்வறிக்கைகளில் வரும் 'வாய்ப்பு 3, பாதிப்பு 4, பெருக்கினால் 12' அட்டவணையில் இந்த முடிச்சு எந்தக் கட்டத்திலும் விழாது. மூன்றும் நான்கும் வெறும் வரிசை எண்கள், அவற்றைப் பெருக்குவதே தப்பு என்பது தனி வழக்கு. மணிக்கணக்கில் எழுதுங்கள்: டவர் எத்தனை மணி நேரம் தாங்கும், கம்பம் நட எத்தனை நாள், 110 கேவி டிரான்ஸ்பார்மர் போனால் மாற்று எங்கே இருக்கிறது. புதிதாகச் செய்து வர மாதக்கணக்கில் ஆகும்.

ஒரு துணை மின்நிலையத்தை எடுத்துக்கொண்டு, ஒரே தாளில் மூன்று நிறத்தில் வரையுங்கள்: மின்சாரம் போகும் வழி, தகவல் போகும் வழி, ஆள் போகும் வழி. மூன்றும் ஒரே புள்ளியில் குறுக்கிடும் இடத்தில் அறிக்கையைத் தொடங்கலாம்.

களவேலைக்குக் காலமும் முக்கியம். ஆடிக்காற்றில் போய்ப் பாருங்கள், ஆனால் எதையும் தொடக் கேட்காதீர்கள். சீசனில் ஒரு மணி நேரம் நிறுத்தவும் எந்த உரிமையாளரும் சம்மதிக்கமாட்டார். தகவல் இணைப்பைப் பிடுங்கிவிட்டு என்ன ஆகிறது என்று பார்க்கும் சோதனையைக் காற்று ஓய்ந்த பங்குனிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.