பின்னால் இருந்து இடித்தால் யார் தவறு? ஒன்டாரியோவில் குடியேறும் வடசென்னைக்காரர்களுக்கு

மூலக்கடை சிக்னலில் ஒரு கார் முன்னால் நிற்கும் காரின் டிக்கியில் முட்டினால் அடுத்து என்ன நடக்கும் என்று வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. “இன்னாத்துக்கு திடீர்னு பிரேக் அடிச்ச?” “நீ இன்னாத்துக்கு அவ்ளோ ஒட்டிக்கினு வந்த?” கூட்டம் கூடும். வயதில் மூத்த ஒருவர் நடுவில் வந்து ஒரு தொகை சொல்வார், அதோடு முடிந்தது. இன்சூரன்ஸ் பக்கம் போகாததற்குக் காரணம் உண்டு. ஒரு கிளெய்ம் போட்டால், வருடக்கணக்கில் சேர்த்து 50 சதவீதம் வரை வந்திருக்கும் நோ கிளெய்ம் போனஸ் மொத்தமாகப் போய்விடும். சின்ன அடிக்குக் கைக்காசு கொடுப்பதுதான் ஊரில் லாபம்.

கனடாவுக்கு வந்து ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ குடியேறிய பிறகு இந்தக் கணக்கு செல்லாது. விபத்து நடந்ததும் ராயபுரத்துக்கு போன் போட்டால் “காசு குடுத்து முடிச்சுட்டு வூட்டுக்குப் போப்பா” என்றுதான் அப்பா சொல்வார். அக்கறையோடு சொல்வதுதான், ஆனால் இங்கே அப்படிச் செய்யாதீர்கள்.

ஒன்டாரியோவில் இன்சூரன்ஸுக்காக யார் மேல் தவறு என்பதை போலீஸ் தீர்மானிப்பதில்லை, ரோட்டில் பேசியும் தீர்மானிப்பதில்லை. இன்சூரன்ஸ் சட்டத்தின் கீழ் 668 என்ற எண்ணுள்ள ஒழுங்குவிதி இருக்கிறது. எந்த வண்டி எங்கே இருந்தது, எப்படி இடித்தது என்று படம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சதவீதம் எழுதியிருக்கிறார்கள். உங்கள் விபத்து எந்தப் படத்தோடு பொருந்துகிறதோ அதுதான் தீர்ப்பு. ஒரே லேனில் ஒரே திசையில் போகும்போது பின்னால் வந்து இடித்தவர் மேல் 100 சதவீதம். முன்வண்டி நின்றிருந்தாலும், ஓடிக்கொண்டிருந்தாலும், பக்கத்துத் தெருவுக்குள் திரும்பிக்கொண்டிருந்தாலும் அதேதான். பனி வழுக்கியது, மழையில் கண் தெரியவில்லை, குறுக்கே ஆள் வந்தார் என்பதையெல்லாம் கணக்கில் எடுக்கக் கூடாது என்று விதியிலேயே இருக்கிறது.

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஓட்டிப் பழகியவர்கள் இடைவெளி விட மாட்டார்கள். விட்டால் அதில் ஒரு பைக் நுழைந்துவிடும். அந்தப் பழக்கம்தான் இங்கே முதல் குளிர்காலத்தில் மாட்டிவிடுகிறது. முன்வண்டி கடந்த கம்பத்தை நீங்கள் கடக்கக் குறைந்தது 2 வினாடி ஆக வேண்டும். பனியில் அதைவிட நிறைய விடுங்கள்.

விதி உங்கள் பக்கம் திரும்பும் இடங்களும் உண்டு. முன்வண்டி பக்கத்து லேனில் இருந்து உங்கள் முன்னால் புகும்போது இடித்தால் லேன் மாறியவர் மேல் 100. ரிவர்ஸில் வந்து உங்கள் மேல் மோதினால் அவர் மேல் 100. ஆனால் இடித்து நின்ற பிறகு பார்த்தால் இந்த இரண்டும், நீங்கள் பின்னால் இருந்து இடித்ததும் ஒரே மாதிரிதான் தெரியும்: அவர் பின்பம்பர், உங்கள் முன்பம்பர். சாட்சியோ டேஷ்கேம் பதிவோ இல்லாவிட்டால் நீங்கள் பின்னால் இருந்து இடித்ததாகவே முடியும். புதிதாக வந்தவர்கள் காரோடு சேர்த்து டேஷ்கேமும் வாங்கிவிடுவது நல்லது.

மூன்று கார் தொடராக மோதினால் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். கடைசி கார் மட்டும் ஓடிவந்து, நின்றிருந்த நடுக் காரை முன்கார் மேல் தள்ளியிருந்தால் நடுவில் இருந்தவர் மேல் தவறே இல்லை. மூன்றும் ஓடிக்கொண்டிருந்தால், முன்காரோடு நடந்த மோதலில் நடுக்காருக்கு 50 சதவீதம். நீங்கள் நடுவில் இருந்தால், முன்காரில் இருப்பவரிடம் அங்கேயே கேளுங்கள்: உங்களுக்கு ஒரு இடி தெரிந்ததா, இரண்டா? ஒன்று என்றால் உங்களைத் தள்ளிவிட்டார்கள் என்பதற்கு அது நல்ல ஆதாரம். அவர் பெயரும் போன் நம்பரும் அந்தப் பதிலும் உங்கள் குறிப்பில் இருக்கட்டும்.

வண்டியை ஓரம் கட்டும் முன், ஆபத்து இல்லையென்றால், டயர்களும் லேன் கோடும் சேர்ந்து தெரியும்படி ஒரு படம் எடுங்கள். பம்பரை மட்டும் நெருங்கி எடுத்த படம் யார் எங்கே இருந்தார் என்பதைக் காட்டாது. பிறகு எதிராளியின் லைசென்ஸ், நம்பர் பிளேட், இன்சூரன்ஸ் சீட்டு. “சாரி” சொல்லப் பயப்பட வேண்டாம். 2009-ஆம் ஆண்டின் மன்னிப்புச் சட்டப்படி அது தவறை ஒப்புக்கொண்டதாகாது. ஆனால் எதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள்.

யாருக்காவது அடிபட்டிருந்தால் 911. அடி இல்லை, ஆனால் எல்லா வண்டிகளுக்கும் சேர்த்து சேதம் 5,000 டாலரைத் தாண்டும் என்றால் போலீஸுக்குச் சொல்லியே ஆக வேண்டும் (2025 ஜனவரிக்கு முன் இது 2,000). டொராண்டோவில் இதற்கென விபத்துப் பதிவு மையங்கள் உள்ளன. 24 மணி நேரத்துக்குள் போய்விடுங்கள். வெளியே கீறல் மட்டும் தெரியும் பம்பருக்குள் சென்சாரும் இரும்புத் தாங்கியும் இருக்கின்றன, அதனால் ரோட்டில் நின்று போடும் மதிப்பை நம்ப முடியாது. கூப்பிடாமலே வந்து நிற்கும் டோ டிரக்காரரிடம் ஒப்புதல் படிவத்தில் விலையையும் போகும் இடத்தையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வண்டியை எங்கே கொண்டுபோவது என்பது உங்கள் உரிமை.

பணம் வரும் வழிதான் நம் ஆட்களுக்குப் புரியக் கஷ்டம். உங்கள் மேல் தவறு இல்லையென்றால், இடித்தவரோ அவர் நிறுவனமோ தருவதில்லை. உங்கள் நிறுவனமே ரிப்பேருக்குக் கொடுக்கும். இடித்தவர் மேல் வண்டிச் சேதத்துக்காக வழக்கும் போட முடியாது. 2024 முதல், உங்கள் நிறுவனமே ரிப்பேருக்குத் தரும் இந்தப் பகுதியை பாலிசியில் வேண்டாமென்று எழுதிக்கொடுத்து பிரீமியத்தைக் குறைக்கலாம் என்று ஒரு வழி திறந்திருக்கிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். விட்டுவிட்டால், சும்மா நின்ற வண்டியை ஒருவர் நசுக்கினாலும் ஒரு பைசா வராது. உங்கள் மேல் 100 சதவீதம் தவறு என்றால் கொலிஷன் கவரேஜ் இருந்தால்தான் உங்கள் வண்டிக்குப் பணம், அதிலும் முதல் 500 அல்லது 1,000 டாலர் போல உங்கள் கையில் இருந்து.

தவறு 25 சதவீதத்தைத் தாண்டினால்தான் பிரீமியம் ஏற்றலாம். ஏற்றினால் பொதுவாக 6 வருடம் பின்தொடரும். கைக்காசுக்கு இங்கேயும் ஒரு சின்ன வாசல் உண்டு: யாருக்கும் அடியில்லை, ஒவ்வொரு வண்டிக்கும் 2,000 டாலருக்குக் கீழே சேதம், அதை இடித்தவரே கட்டினார், எந்த நிறுவனமும் பணம் தரவில்லை என்றால் அந்த விபத்தைக் காட்டி பிரீமியம் ஏற்றக் கூடாது. 3 வருடத்துக்கு ஒரு முறைதான். அப்போதும் 7 நாளுக்குள் உங்கள் நிறுவனத்துக்குச் சொல்லிவிடுங்கள்.

கழுத்து வலி மறுநாள்தான் தெரியும். தவறு யார் மேல் இருந்தாலும் சிகிச்சைச் செலவு உங்கள் பாலிசியிலேயே உண்டு. சின்னக் காயம் என்று வகைப்படுத்தினால் வரம்பு 3,500 டாலர். இந்தச் செலவைக் கேட்கும் விண்ணப்பப் படிவம் கைக்கு வந்த 30 நாளுக்குள் நிரப்பிக் கொடுக்க வேண்டும். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து கேட்கும் கிளினிக்கை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

ஜி2 லைசென்ஸில் (முழு லைசென்ஸான ஜி-க்கு முந்தைய கட்டம்) இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஒட்டி ஓட்டியதற்கு போலீஸ் டிக்கெட் கொடுத்தால் அதற்கு 4 டிமெரிட் புள்ளி (தப்புக்காக உங்கள் பெயரில் ஏறும் கணக்கு). அபராதம் சிறிதுதானே என்று கட்டிவிட்டால் குற்றத்தை ஏற்றதாகிவிடும், முதல் தடவைக்கே லைசென்ஸ் 30 நாள் முடங்கும். டிக்கெட்டின் பின்பக்கம் படித்து, 15 நாளுக்குள் விசாரணை கேளுங்கள்.

நிறுவனம் போட்ட சதவீதம் தவறென்று தோன்றினால், 668-இல் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்ததும் படங்களையும் டேஷ்கேம் பதிவையும் அந்த நிறுவனத்தின் புகார் அதிகாரிக்கு அனுப்பலாம். அங்கேயும் சரியாகாவிட்டால் ஜெனரல் இன்சூரன்ஸ் ஓம்பட் சர்வீஸில் புகார் செய்யக் கட்டணம் இல்லை.